வீராவா, கஞ்சிலா: இரண்டு பழைய கார்களை ஒப்பிடும் முறை

அப்பா விட்டுச்சென்றது 1996ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா 1.5. நான் பள்ளிக்கு ஓட்டியது பெரோடுவா கஞ்சில் 850. பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டு வாசலில் ஒரு காருக்குத்தான் இடம். எதை வைத்துக்கொள்வது என்று நான் கேட்டவர்கள் ஆளுக்கொன்று சொன்னதால் நானே சோதித்துப் பார்த்தேன்.

காலையில், இஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூடாக இருக்கும்போது கை வைக்கவே கூடாது. உள்ளே துருநிறத் தண்ணீர் தெரிந்தால் அந்தக் கார் நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்று அர்த்தம். எண்ணெய் மூடியின் அடியில் பாலேடு போலப் படிந்திருக்கிறதா? துடைத்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டியபின் பாருங்கள். பக்கத்துக் கடைவரை மட்டும் போய்வரும் காரில் ஈரத்தால் அப்படிப் படிவதுண்டு. நீண்ட தூரம் ஓடியும் மறுபடி படிந்தால், தண்ணீரும் எண்ணெயும் கலக்கின்றனவா என்று பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து சாலை. இரண்டு கார்களுக்கும் ஒரே நாள், ஒரே ஆட்கள், சரியான டயர் காற்று. பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலையேறும் துன் சார்டோன் சாலையைத் தேர்ந்தெடுத்தேன். குளிர்சாதனம் ஓட, பின்னால் அம்மா. மூன்று சிலிண்டர் கஞ்சில் வளைவுக்கு வளைவு இரண்டாம் கியருக்கு இறங்கியது. வீரா பெரும்பாலும் மூன்றிலேயே ஏறியது. உச்சியில் வெப்பமானி முள்ளைப் பாருங்கள். நடுவிலேயே நிற்க வேண்டும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே இறங்குங்கள். கீழே வந்து மிதித்ததும் பின்கண்ணாடியில் நீலப்புகை தெரிந்தால் சிலிண்டருக்குள் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வால்வு சீல்கள் தேய்ந்திருக்கலாம். என் கஞ்சிலில் தெரிந்தது. அதற்கும் வயதாகிவிட்டது.

பெட்ரோலுக்குத் தொட்டியை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, மறுமுறை நிரப்பும்போது லிட்டரால் வகுத்தால் போதும். கஞ்சில் எனக்கு லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் தந்தது, வீரா பதினொன்று. சாலை வரியிலும் கஞ்சிலுக்கு 20 ரிங்கிட், வீராவுக்கு 90. ஆனால் ஆண்டுக்கு 70 ரிங்கிட் வித்தியாசத்துக்காக யாரும் கார் மாற்ற வேண்டியதில்லை. கணக்கைப் புரட்டிப்போடுவது வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட், ரப்பர் குழாய்கள், இஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் போன்றவைதான். ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், மாற்றிய பொருள், ரிங்கிட் என நான்கு பத்திகள் போட்டு ஓராண்டு எழுதுங்கள். பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையா? மாற்றவில்லை என்றே வைத்து, அந்தச் செலவை இன்றே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

அம்மாவை வாராவாரம் பாலிக் பூலாவுக்கு அழைத்துப் போக வேண்டும். வீராவை வைத்துக்கொண்டேன். கஞ்சிலை வாங்கியவரிடம் நோட்டையும் சேர்த்தே கொடுத்தேன். நீலப்புகை பற்றி முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன்.