ஒயின் கூலருக்குள் கூடுதல் கருவிகள்: கரண்ட் கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீஸ் பக்குவப்படுத்த, விதை பாதுகாக்க, சுருட்டு வைக்க என்று ஒயின் கூலரை வேறு வேலைக்கு மாற்றுகிறவர்களுக்கு அலமாரியை மாற்றுவதெல்லாம் சுலபம். அப்புறம்தான் கேள்வி வருகிறது: உள்ளே ஒரு சின்ன ஃபேன், கொஞ்சம் எல்இடி வெளிச்சம், ஈரப்பதக் கருவி, இதற்கெல்லாம் கரண்ட் எங்கிருந்து எடுப்பது? பின்பக்க மூடியைக் கழற்றினால் பெல்டியர் தகட்டுக்கு (கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) போகும் சிவப்பு, கறுப்பு வயர்கள் கண்ணெதிரே இருக்கும். "12 வோல்ட்தானே, இதிலேயே ஒட்டுப்போட்டு எடுத்துக்கொள்ளலாம்" என்று கை பரபரக்கும். எடுக்காதீர்கள்.

அந்த வயரில் எப்போதும் 12 வோல்ட் நிற்பதில்லை. வைத்த வெப்பநிலை வந்ததும் சில மாடல்களில் கூலரின் கன்ட்ரோல் போர்டு வோல்டேஜைக் குறைத்துவிடும். சிலவற்றில் அடியோடு நிறுத்திவிடும். அதை நம்பியிருக்கும் உங்கள் ஃபேனும் கூடவே படுத்துவிடும். ஈரமும் குளிரும் மேலிருந்து கீழ்வரை சீராகப் பரவ வேண்டுமென்றால், குளிரூட்டல் ஓய்ந்திருக்கும் அந்த நேரத்திலும் ஃபேன் ஓடியாக வேண்டும். இன்னொன்று, சுமை. பரவலாகக் கிடைக்கும் டிஇசி1-12706 என்ற தகட்டின் பெயரிலேயே 127 செமிகண்டக்டர் இணைகள், 6 ஆம்பியர் என்ற கணக்கு இருக்கிறது. 12 வோல்ட்டில் அது மட்டுமே நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடியது. கூலரோடு வரும் பவர் சப்ளை பெரும்பாலும் அந்தத் தேவைக்கு ஏற்ற அளவில்தான் இருக்கும். அதன் தலையில் கூடுதல் பாரம் ஏற்றினால் கெபாசிட்டர்கள் சூடாகி ஆயுள் குறையும்.

உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஃபேனின் வயரில் எடுப்பதும் இதே கதைதான். மூன்றாவதாக ஒரு வயர் வந்தால் கூடுதல் கவனம் தேவை. அது பெரும்பாலும் ஃபேனின் வேகத்தைப் போர்டுக்குச் சொல்லும் சிக்னல் வயர். விளக்கு வயரில் எடுத்தாலோ, யாராவது விளக்கை அணைக்கும்போது ஈரப்பதக் கருவியும் நின்றுபோகும்.

கூலருக்குத் தனி கரண்ட், கருவிகளுக்குத் தனி அடாப்டர். இதுதான் சரியான வழி. அடாப்டர் வெளியே இருக்கட்டும், உள்ளே 12 அல்லது 5 வோல்ட் டிசி வயர் மட்டும் போகட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸையே உள்ளே வைத்து எல்லாவற்றையும் அதில் செருகுகிறவர்கள் உண்டு. ஈரப்பதம் 70 சதவீதத்தில் இருக்கும் பெட்டி, கதவைத் திறக்கும்போதெல்லாம் குளிர்ந்த பரப்பில் வியர்க்கும் தண்ணீர், நடுவே வீட்டு மின்சாரம்! இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அடாப்டரை உள்ளே வைக்காததற்கு வேறொரு காரணமும் உண்டு. உள்ளே செலவாகும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறும். அந்தச் சூட்டையும் கூலர்தான் வெளியே தள்ள வேண்டும். 12 வோல்ட்டில் 0.2 ஆம்பியர் எடுக்கும் ஃபேன் 2.4 வாட், பரவாயில்லை. ஆனால் மீட்டருக்கு 60 விளக்கு உள்ள 5050 வகை எல்இடி பட்டை ஒரு மீட்டருக்கு 14.4 வாட், கிட்டத்தட்ட ஆறு ஃபேன்களுக்குச் சமம். அழகுக்காக அதை நாள் முழுக்க எரியவிட்டு, "கூலர் குளிரவே மாட்டேன் என்கிறது" என்று புலம்புவதில் அர்த்தமில்லை. கதவைத் திறந்தால் மட்டும் எரியும்படி சுவிட்ச் வையுங்கள்.

அடாப்டர் வாங்கும்போது எல்லாக் கருவிகளின் ஆம்பியரையும் கூட்டி, அதற்கு மேல் கால் பங்காவது கூடுதலாக எடுங்கள். நடு ஊசி 2.1 மில்லிமீட்டர் உள்ள அடாப்டர் சாக்கெட்டும் 2.5 மில்லிமீட்டர் உள்ளதும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிச் செருகினால் பொருந்தாது, அல்லது தளர்ந்து விட்டுவிட்டு வேலை செய்யும். பிளஸ், மைனஸை மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். சத்தம் குறைய வேண்டுமென்று 12 வோல்ட் ஃபேனை 5 வோல்ட்டில் ஓட்டினால், சில ஃபேன்கள் விரலால் தள்ளிவிட்டால் சுற்றும், தானாகக் கிளம்பாது. கரண்ட் ஒருமுறை போய் வந்ததும் நின்றபடியே கிடக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள்.

வயரை உள்ளே கொண்டுபோவது அடுத்த தலைவலி. கதவு ரப்பருக்கு நடுவே தடித்த வயரைக் கொடுத்தால் இடைவெளி விழும், வெளிக்காற்று நுழையும், அந்த மூலையில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பெல்டியர் கூலர்கள் பலவற்றில் பின்னால் தண்ணீர் வடியும் துளை இருக்கும். அதன் வழியாக விடலாம், வடிகால் முழுக்க அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடைவெளியை அடைக்க சிலிக்கான் பூசுவதென்றால் வினிகர் வாடை வரும் வகை வேண்டாம். அந்த அமிலம் செம்பை அரிக்கும், வாடை உள்ளிருக்கும் பொருளிலும் ஏறும். நியூட்ரல் வகை என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். ஃபிரிட்ஜ் போல கம்ப்ரஸரில் ஓடும் கூலரில் துளை போடும் எண்ணமே வேண்டாம். சுவருக்குள் எங்கே குழாய் ஓடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பின்பக்க லேபிளில் ஆர்600ஏ என்றிருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு.

வெளி தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைப் பார்த்து கூலரின் கரண்டை வெட்டி இணைக்கும் கருவி) போடுகிறவர்கள் கூலரையும் கருவிகளின் அடாப்டரையும் அதன் ஒரே அவுட்லெட்டில் செருகிவிடுகிறார்கள். குளிர் போதும் என்று அது கரண்டை வெட்டும்போது ஃபேனும் நின்றுவிடும். அடாப்டரை நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். வெளி தெர்மோஸ்டாட் வாங்கும் முன்பே இன்னொன்றையும் சோதியுங்கள்: கூலரின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகும்போது அது தானாக ஓடுகிறதா, பழைய செட்டிங் நினைவில் இருக்கிறதா? பட்டனை அழுத்தினால்தான் கிளம்பும் கூலர் என்றால் வெளி தெர்மோஸ்டாட் வீண். கம்ப்ரஸர் என்றால் நின்றதும் உடனே ஓடாதபடி தெர்மோஸ்டாட்டில் குறைந்தது மூன்று நிமிடத் தாமதம் வையுங்கள்.

வயர் இணைப்புகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் அந்த ஈரத்தில் பசை விட்டுவிடும், சில மாதங்களில் செம்பு பச்சை பூக்கும். ஈயத்தால் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடேற்றினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) போட்டு, இணைப்பைத் தரையில் கிடக்கவிடாமல் மேலே கட்டுங்கள். கருவிக்குள் நுழையும் முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், அதில் வழியும் துளி வளைவிலேயே சொட்டிவிடும், கருவிக்குள் போகாது. பிளஸ் வயரில் அடாப்டருக்குப் பக்கத்திலேயே, மொத்தத் தேவையைவிடச் சற்றுக் கூடுதலான அளவில் ஒரு ஃபியூஸும் போட்டுவிடுங்கள். ஒரு ஆம்பியருக்குக் கீழே ஓடும் கருவிகளுக்கு ஒன்றரை ஆம்பியர் ஃபியூஸ் போதும்.