ஸ்பீக்கர் இரைகிறதா? எர்த்தை வெட்டாதீர்கள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டில் பாட்டுப் பெட்டி 'உம்ம்' என்று இரைகிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், அம்பிளிபயர் பிளக்கின் எர்த் வயரை வெட்டி ரேப் சுற்றியிருந்தது. "வெட்டினாப் பிறகு குறைஞ்சிட்டுது அண்ணை" என்றான் தம்பி. குறைந்தது உண்மைதான். ஆனால் உள்ளே லைவ் வயர் கழன்று உலோகப் பெட்டியில் பட்டால், 230 வோல்ட்டும் பெட்டியிலேயே நிற்கும். தொடுகிறவர் உடம்புதான் அதற்கு வழி. ட்ரிப் சுவிட்ச் இருந்தாலும், ஆள் தொட்ட பிறகுதான் அது விழும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

அந்த வீட்டில் டிஷ் கம்பம் வளவு மண்ணில் ஊன்றியிருந்தது. அம்ப்புக்கு வீட்டு எர்த், டிஷ் வயர் வழியாக ரிவிக்குக் கம்பத்து மண். ரிவியிலிருந்து அம்ப்புக்குச் சத்தம் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரின் வெளிப்பின்னல் இரண்டையும் இணைத்து வளையமாக்கிவிட்டது. இரண்டு மண்ணுக்கும் இடையில் சின்ன வோல்ட் வித்தியாசம் இருந்தாலே போதும், பின்னலில் 50 ஹேர்ட்ஸ் கறண்ட் ஓடும். அம்ப் அதையும் சேர்த்துப் பெருக்கும். புது அறைக்கென்று தனி எர்த் கம்பி அடித்த வீடுகளிலும் இதே கதைதான். ஆடி, ஆவணியில் வன்னி மண் காய்ந்து கிடக்கும்போது எர்த் கம்பியின் தடை கூடும். அதையும் மின்வேலை தெரிந்தவரிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். (சண்டைக் காலத்தில் சைக்கிள் டைனமோ சுற்றி ரேடியோ கேட்டபோது இந்தத் தொல்லை இருக்கவில்லை. கரண்ட் கம்பியும் இல்லை, எர்த்தும் இல்லை, வளையம் எங்கே வரும்?)

அடுத்த தவறு, காரணம் தேடாமல் விலை கூடிய வயர் வாங்குவது. முதலில் அம்ப்பை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரைத் தவிர எல்லாவற்றையும் கழற்றுங்கள். நிறுத்தாமல் கழற்றினால் 'டப்' என்ற அடியில் ஸ்பீக்கரே போகலாம். பிறகு போட்டுப் பாருங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு அம்ப்புக்குள். உள்ளே கரண்ட்டைச் சீராக்கும் பில்டர் கப்பாசிட்டர் பழுதென்றால் 100 ஹேர்ட்ஸில் கொஞ்சம் கரகரப்பாக இரையும். அமைதியாக இருந்தால் ஒவ்வொன்றாகக் கொழுவுங்கள். லப்டொப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். டிஷ் வயரை மறக்க வேண்டாம், ஆனால் இடி மின்னல் நேரத்தில் அதில் கை வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே சுவர் பிளக்கில் இருந்து எடுத்தால் பாதி வீடுகளில் சரியாகிவிடும். மண்ணில் ஊன்றிய கம்பத்துக்கு அது போதாது. நாங்கள் எர்த் வயரைத் திரும்பப் பூட்டி, ரிவிக்கும் அம்ப்புக்கும் நடுவில், ஆர்சிஏ வயரில், சின்ன ஐசோலேஷன் ட்ரான்ஸ்போமர் (இரு பக்கக் கம்பிகளும் தொடாமல் சத்தத்தை மட்டும் கடத்துவது) ஒன்று போட்டோம். மலிவானதில் பேஸ் (அடித்தொனி) கொஞ்சம் குறையும், பார்த்து வாங்குங்கள். ரிவியிலும் அம்ப்பிலும் ஒப்டிகல் (சத்தத்தை வெளிச்சமாக அனுப்பும் வயருக்கான துளை) இருந்தால் அதுவே மேல். வெளிச்சத்தின் வழியே எர்த் போகாது.