மவுஸுக்குக் கை போகாமல் தமிழில் வேலை செய்வது: விண்டோஸ் குறுக்குவிசைகள், தொடங்குவோருக்கு

ஆங்கில பிடிஎஃப் கோப்பு ஒன்றை இடப்பக்கம் திறந்து வைத்து, வலப்பக்கம் வேர்டில் அதைத் தமிழாக்குவதுதான் என் அன்றாட வேலை. சொல் பார்க்க பிரவுசரில் விக்சனரி திறந்திருக்கும், வாடிக்கையாளரின் மின்னஞ்சல் வேறொரு சாளரத்தில் காத்திருக்கும். வலது மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிய பிறகுதான், ஒரு பத்தியை முடிப்பதற்குள் கை எத்தனை முறை மவுஸுக்குப் போய்த் திரும்புகிறது என்பதைக் கவனித்தேன். குறுக்குவிசைப் பட்டியல் ஒன்றை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிப் பார்த்ததில் பயன் இல்லை. நூறு விசைகளில் என் வேலைக்குத் தேவையானவை பத்துகூட இல்லை. அந்தப் பத்தையும், அவற்றில் ஒன்று என்னைப் பல வாரம் அலைக்கழித்த விதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

நகலெடுப்பதும் ஒட்டுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கீழே உள்ளவை விண்டோஸ் 11இல் செய்தவை. பெரும்பாலானவை விண்டோஸ் 10இலும் அப்படியே இயங்கும். ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதும்போது இரண்டு வெவ்வேறு விசைகள் "டி" என்றே ஒலிப்பதால், குழப்பம் வரக்கூடிய இடங்களில் தமிழ்99 விசைப்பலகையில் அந்த விசை எந்தத் தமிழ் எழுத்தைத் தரும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சாளரங்களை அருகருகே நிறுத்துதல்

பிடிஎஃப் சாளரத்தில் இருந்துகொண்டு விண்டோஸ் விசையுடன் இடது அம்புக்குறியை அழுத்துங்கள். அது திரையின் இடது பாதியில் போய் ஒட்டிக்கொள்ளும். மறுபாதியில், திறந்திருக்கும் மற்றச் சாளரங்கள் சிறு படங்களாக வரும். அம்புக்குறியால் வேர்டுக்குப் போய் என்டர் தட்டினால் இரண்டும் ஆளுக்குப் பாதியாக நின்றுவிடும். அந்தச் சிறு படங்கள் வேண்டாமென்றால் எஸ்கேப் அழுத்தினால் போதும். நடுக்கோட்டை நகர்த்தி வேர்டுக்குக் கூடுதல் இடம் கொடுக்க மட்டும் நான் இன்னமும் மவுஸைத்தான் எடுக்கிறேன்; நாளுக்கு ஒருமுறை செய்யும் வேலைக்காகப் புதிய விசை ஒன்றைக் கற்றுக்கொள்வது வீண்.

அடுத்தது டாஸ்க்பார். அடிக்கடி திறக்கும் மென்பொருள்களை அங்கே பொருத்தி, இழுத்து வரிசைப்படுத்துங்கள். என்னிடம் முதலாவது வேர்டு, இரண்டாவது பிரவுசர், மூன்றாவது பிடிஎஃப். இனி விண்டோஸ் விசையுடன் 1 என்றால் வேர்டு, 2 என்றால் பிரவுசர். மூடியிருந்தால் திறக்கும், திறந்திருந்தால் முன்னால் வரும். வேர்டில் மூன்று கோப்புகள் திறந்திருந்தால், விண்டோஸ் விசையைப் பிடித்தபடியே 1ஐ மீண்டும் மீண்டும் தட்ட, கோப்புகள் ஒவ்வொன்றாக மாறி வரும். எல்லோரும் முதலில் சொல்லித்தரும் ஆல்ட் + டேப்பைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். ஆல்ட் + டேப்பில் எது எங்கே இருக்கிறது என்பது கடைசியாகப் பயன்படுத்திய வரிசையைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். எண்ணோ மாறுவதே இல்லை, ஆகவே இரண்டே நாளில் விரலுக்குப் பழகிவிடுகிறது.

ஆல்ட் + டேப்பையே விரும்புவோர் எட்ஜ் பிரவுசர் வைத்திருந்தால், அதன் தாவல்களும் தனித்தனிச் சாளரம்போல் வரிசையில் நுழைந்து கூட்டம் சேர்ப்பதைப் பார்த்திருக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் மல்டிடாஸ்கிங் என்று போனால் அந்தத் தாவல்களைக் காட்ட வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது.

மொழி தானாக மாறுவதாகத் தோன்றும் சிக்கல்

என்னை அலைக்கழித்தது இதுதான். வேர்டில் தமிழில் தட்டிக்கொண்டிருப்பேன். மூல வரியை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி இரண்டு வரி தட்டியபின் நிமிர்ந்தால், அவ்வளவும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக இருக்கும். எப்போதும் நடந்தால் காரணம் பிடிபட்டிருக்கும். நாளுக்கு நான்கைந்து முறை மட்டும் நடந்ததால் விசைப்பலகை பழுதென்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன். புதியதிலும் அதே கதை.

காரணம் எளியது. ஆல்ட் + டேப் அடுத்த சாளரத்துக்குக் கொண்டுபோகும். ஷிஃப்டையும் சேர்த்தால் பின்னோக்கி நகரும். நான் பின்னோக்கிப் போக எண்ணி ஆல்ட்டையும் ஷிஃப்டையும் அழுத்திவிட்டு, டேப்பைத் தொடுமுன் மனம் மாறி விரலை எடுத்துவிடுவேன். இடது ஆல்ட் + ஷிஃப்ட் என்ற இரண்டு விசைகள் மட்டும் அழுந்தி விடுபட்டால், விண்டோஸ் அதை உள்ளீட்டு மொழியை மாற்றச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. ஆக, மொழி தானாக மாறவே இல்லை. ஒவ்வொரு முறையும் மாற்றியது நானேதான்.

இதை நிறுத்த, செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் டைப்பிங், அதற்குள் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் என்று போங்கள். அந்தப் பக்கத்தில் இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் என்ற இணைப்பைச் சொடுக்கினால் பழைய பாணிப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் உள்ளீட்டு மொழிகளுக்கிடையே மாறுவதற்கான வரியைத் தேர்ந்து, சேஞ்ச் கீ சீக்வென்ஸ் என்ற பொத்தானை அழுத்தி, இரண்டு பகுதிகளிலும் நாட் அசைன்ட் என்பதைத் தேர்ந்து ஓகே கொடுங்கள். இரண்டு பெட்டிகளுக்கும் தனித்தனியே ஓகே கொடுக்க வேண்டும். முதல் பெட்டியோடு நிறுத்தி இரண்டாவதைக் குறுக்குக்குறியில் மூடிவிட்டு, ஏன் மாறவில்லை என்று நான் ஒரு மாலை முழுவதும் திகைத்திருந்தேன்.

அதே அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் பக்கத்தில், ஒவ்வொரு சாளரத்துக்கும் வெவ்வேறு உள்ளீட்டு முறையைப் பயன்படுத்த அனுமதிக்கும் ஒரு பெட்டி, குறியிடப்படாமல் இருக்கும். அதில் குறி இடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள் என்பேன். இதன் பிறகு வேர்டு தமிழிலேயே இருக்கும், பிரவுசர் ஆங்கிலத்திலேயே இருக்கும். சாளரம் மாறும்போது மொழியும் கூடவே மாறிக்கொள்ளும். தமிழும் ஆங்கிலமும் கலந்து வேலை செய்வோருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது ஒரு வாரம் பயன்படுத்தினால்தான் தெரியும்.

வேண்டும்போது மொழியை மாற்ற விண்டோஸ் விசை + ஸ்பேஸ் இருக்கிறது. இது எத்தனை விசைப்பலகைகள் சேர்க்கப்பட்டுள்ளனவோ அத்தனையையும் சுற்றிவரும். ஆங்கிலம் அமெரிக்கா, ஆங்கிலம் இந்தியா, தமிழ் என்று மூன்று இருந்தால் சில சமயம் ஒருமுறை, சில சமயம் இருமுறை தட்ட நேரும். அந்தத் தடுமாற்றத்தில் விசையே பழகாது. லாங்குவேஜ் அண்ட் ரீஜன் பக்கத்தில் தேவையற்றதை நீக்கி, ஓர் ஆங்கிலமும் ஒரு தமிழும் மட்டும் விட்டுவையுங்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் ஆங்கில விசைப்பலகையின் மேல் அமர்ந்து வேலை செய்பவை; நீங்கள் தட்டுவது தமிழ் என்பது விண்டோஸுக்குத் தெரியாது என்பதால், சாளரத்துக்கொரு மொழி என்ற மேற்கண்ட வசதி அவற்றுடன் பயன் தராது. விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. ஆங்கில ஒலிப்பு முறையில் தட்டுவோருக்கான விசைப்பலகையும் 2019இல் விண்டோஸ் 10இன் மே மாதப் புதுப்பிப்புடன் வந்துவிட்டது. பல ஆண்டுகள் என்எச்எம் ரைட்டரால் பயனடைந்தவன் என்ற நன்றியோடுதான் சொல்கிறேன்: இந்த ஒரு வசதிக்காகவே மாறிக்கொள்ளலாம்.

கிளிப்போர்டு: ஒன்றல்ல, இருபத்தைந்து

நகலெடுக்கும், ஒட்டும் விசைகள் தமிழ்99இல் முறையே ஒ, வ தட்டும் விசைகள். தமிழ் தட்டச்சில் இருக்கும்போதும் கன்ட்ரோலுடன் சேர்ந்தால் அவை வழக்கமான வேலையையே செய்யும் என்பதால், நகலெடுப்பதற்காக ஆங்கிலத்துக்கு மாற வேண்டியதில்லை. இடதுகையால் எட்டும்படி கீழ்வரிசையில் இவற்றை அருகருகே அமைத்தவர், 1970களில் ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வெட்டி ஒட்டும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரும் பின்னர் ஆப்பிள் லீசாவில் பணியாற்றியவருமான லாரி டெஸ்லர்.

அவர் வகுத்த முறையின் குறை, கடைசியாக எடுத்த நகல் மட்டுமே நினைவில் நிற்கும் என்பது. அதற்கு மாற்று, கன்ட்ரோலுக்குப் பதில் விண்டோஸ் விசையுடன் வி அழுத்துவது. முதன்முறை அழுத்தும்போது இயக்கட்டுமா என்று கேட்கும், சம்மதம் சொல்லுங்கள். அதன்பின் கடைசி 25 நகல்கள் வரிசையாக வரும், அம்புக்குறியால் தேர்ந்து என்டர் தட்டினால் ஒட்டிவிடும். மூலத்தில் இருந்து ஐந்து பெயர்களை ஒரே மூச்சில் நகலெடுத்துவிட்டு வேர்டுக்கு வந்து ஒவ்வொன்றாக ஒட்டலாம். கணினியை மறுபடி தொடங்கினால் பட்டியல் காலியாகிவிடும், குண்டூசிக் குறியிட்டவை மட்டும் நிலைக்கும். நான் என் முகவரியையும் கட்டண விவர வாசகத்தையும் அப்படிப் பொருத்தி வைத்திருக்கிறேன். கடவுச்சொல்லை நகலெடுத்தால் அதுவும் இந்தப் பட்டியலில் எல்லோரும் பார்க்கும்படி நிற்கும் என்பதை மறக்க வேண்டாம். பிறரும் பயன்படுத்தும் கணினியில் இதை இயக்காமல் விடுவதே நல்லது.

ஒட்டும்போது இணையதளத்தின் எழுத்துருவும் நிறமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்வது இன்னொரு தொல்லை. பிரவுசரிலும் அண்மைய வேர்டிலும் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும். பழைய வேர்டில் அந்தச் சேர்க்கைக்கு வேறு வேலை இருப்பதால், நோட்பேடில் ஒருமுறை ஒட்டி மீண்டும் நகலெடுப்பதே எப்போதும் பொய்க்காத வழி.

தமிழில் அழிப்பது

இதை எந்தக் குறுக்குவிசைப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. "கோ" என்ற எழுத்தின் பின்னே நின்று பேக்ஸ்பேஸ் தட்டினால் பெரும்பாலான மென்பொருள்களில் ஓகாரக் குறி மட்டும் போய் "க" எஞ்சும். அதே எழுத்தின் முன்னே நின்று டெலிட் தட்டினால் முழு எழுத்தும் ஒரே தட்டில் போய்விடும். கணினியின் கணக்கில் "கோ" என்பது ககரமும் குறியுமாக இரண்டு. பேக்ஸ்பேஸ் அதைப் பிரித்தும், டெலிட் சேர்த்தும் பார்க்கின்றன. எஞ்சிய "க"வின் பின் வேறோர் உயிரைத் தட்டினால், சில விசைப்பலகைகளில் அது குறியாக ஒட்டாமல் "கஏ" என்று தனியே நிற்கும். அப்போது ககரத்தையும் அழித்துப் புதிதாகத் தட்டுவதே விரைவு. முழுச் சொல்லையும் அழிக்க கன்ட்ரோல் + பேக்ஸ்பேஸ், சொல் சொல்லாகத் தாவ கன்ட்ரோல் + அம்புக்குறி. மெய்ப்புத் திருத்துவோருக்கு இவை இரண்டும் மவுஸைப் பாதி மறக்கடித்துவிடும்.

கோப்புகளும் கூடுதல் மேசையும்

விண்டோஸ் விசை + ஈ (ஆங்கில ஈ, தமிழ்99இல் ஊ) கோப்புறையைத் திறக்கும். கோப்பின் பெயரை மாற்ற எஃப்2. பெயரைத் தட்டியதும் என்டருக்குப் பதில் டேப் அழுத்தினால் அடுத்த கோப்பின் பெயர் திருத்தத்துக்குத் தயாராகிவிடும். இருபது அத்தியாயங்களுக்குப் பெயர் வைக்கும் நாளில் இதன் அருமை தெரியும்.

விண்டோஸ் + கன்ட்ரோல் + டி (டெஸ்க்டாப்பின் டி, தமிழ்99இல் உ) புதிய மேசைத்தளம் ஒன்றைத் திறக்கும். விண்டோஸ் + கன்ட்ரோலுடன் இட, வல அம்புக்குறிகளால் மேசைகளுக்கிடையே போய் வரலாம். நான் மின்னஞ்சலை இரண்டாவது மேசைக்குத் தள்ளிவிட்டேன். மூன்றுக்கு மேல் வைத்தால் எது எங்கே என்று தேடுவதிலேயே நேரம் போய்விடுகிறது.

மென்பொருள் ஏதாவது நிறுவ வேண்டுமா என்றால், கோப்பு தேடுவதற்கு எவ்ரிதிங் ஒன்று போதும். விண்டோஸின் சொந்தத் தேடலைவிட அது பல மடங்கு விரைவானது. மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் நல்லதுதான், ஆனால் அதில் உள்ள கருவிகளின் எண்ணிக்கையைப் பார்த்தே புதியவர் மலைத்துப்போவார். மேலே உள்ளவை கைவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடிக்கடி எழுதும் சொற்றொடர்களைச் சுருக்கெழுத்தில் தட்ட ஆட்டோஹாட்கீ வைத்திருக்கிறேன். அதன் பழைய முதல் பதிப்பில் தமிழ் எழுத்துகள் சிதைந்து வந்தால், ஸ்கிரிப்ட் கோப்பை யுடிஎஃப்-8 வித் பாம் என்ற வகையில் சேமித்துப் பாருங்கள். இரண்டாம் பதிப்பில் அந்தத் தொல்லை இல்லை.

பின்னர் சேர்த்தவை

எஃப்2 அழுத்தினால் பெயர் திருத்தம் வராமல் ஒலியளவு குறைகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். பல மடிக்கணினிகளில் எஃப் வரிசை ஒலிக்கும் வெளிச்சத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்துங்கள். எஸ்கேப் விசையில் சிறு பூட்டுப் படம் இருந்தால் எஃப்என் + எஸ்கேப் அழுத்த, வரிசை நிலையாக மாறிக்கொள்ளும். நான் மேசைக்கணினியில் வேலை செய்பவன் என்பதால் இது எனக்குத் தோன்றவே இல்லை.

ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டிவிட்டு, ஸ்டிக்கி கீஸ் என்று ஒரு பெட்டி வருவதைக் கண்டு வைரஸோ என்று ஒருவர் பயந்துவிட்டார். அது ஒரு கையால் தட்டச்சு செய்வோருக்கான வசதி. அக்சஸிபிலிட்டி பக்கத்தில் அந்தக் குறுக்குவிசையை அணைத்துவிடலாம்.

இலங்கையில் இருந்து எழுதிய வாசகி ஒருவர், பழைய ஆவணத்தில் இருந்து வெறும் எழுத்தாக ஒட்டியபோது முழுப் பத்தியும் ஆங்கிலக் கிறுக்கலாக வந்தது என்றார். அந்த ஆவணம் பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினியில் கோப்புக்குள் சேமிக்கப்படுபவை ஆங்கில எழுத்துகளே, தமிழ் வடிவம் எழுத்துருவில்தான் இருக்கிறது. எழுத்துருவைக் களைந்து ஒட்டினால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரியும். அத்தகைய பத்தியை முதலில் ஒருங்குறி மாற்றி ஒன்றில் இட்டு யூனிகோடாக்கிவிட்டு, பிறகு கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி அழுத்துங்கள்.