பாஸ்தா பாக்கெட்டில் இருக்கும் பெயரைப் படிப்பது எப்படி?

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டைப் பக்கம் பெரிய கடைகளில் பாஸ்தாவுக்கென்றே தனி வரிசை இருக்கிறது. ஆனால் பெயர் புரியாமல் முன்பக்கப் படத்தைப் பார்த்தே பலரும் வாங்குகிறோம். பெயரைப் பிரித்துப் படித்தாலே உள்ளே இருப்பது பெரிதா சிறிதா, எந்தக் குழம்புக்கு ஒத்துவரும் என்பது தெரிந்துவிடும்.

இவை எல்லாம் இத்தாலியப் பெயர்கள். முதலில் பெயரின் வாலைப் பாருங்கள். இனி, இனே, எத்தி, எத்தே, எல்லி, எல்லே என்று முடிந்தால் பெரும்பாலும் சின்னது, ஓனி என்று முடிந்தால் பெரியது. கொன்கீல்யே என்றால் சிப்பிகள். கொன்கில்யெத்தே சூப்பில் போடுகிற பொடிச் சிப்பி, கொன்கில்யோனி உள்ளே எதையாவது அடைத்து ஓவனில் வேகவைக்கிற அளவுக்குப் பெரிய சிப்பி. ஸ்பாகோ என்றால் கட்டுகிற கயிறு, அதன் சின்ன வடிவம்தான் ஸ்பாகெட்டி. அதைவிட மெலிந்தது ஸ்பாகெட்டினி, தடித்தது ஸ்பாகெட்டோனி.

வாலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் வீட்டிலும் தோட்டத்திலும் கண்ணில் படுகிற ஒரு பொருள்தான். லிங்குயினே குட்டி நாக்கு, ஃபார்ஃபால்லே வண்ணத்துப்பூச்சி, ஃபுசில்லி நூல் நூற்கிற கதிரிலிருந்து வந்தது. பென்னே என்றால் இறகுப் பேனாக்கள், அதனால்தான் இரண்டு முனையும் பேனா மாதிரி சாய்வாக இருக்கிறது. அப்படிச் சாய்த்து வெட்டும் இயந்திரத்துக்கு 1865இல் ஜெனோவாக்காரர் ஜொவான்னி பத்திஸ்தா கப்புர்ரோ காப்புரிமை வாங்கினார். அந்த இரட்டை ‘ன்’னை அழுத்திச் சொல்லுங்கள், ஒன்று குறைந்தால் பொருள் வேறு எங்கோ போய்விடும்.

எனக்கு மனசு கனக்கிற பெயர் மஃபால்தினே. ஓரம் சுருண்ட இந்தப் பட்டைக்கு இத்தாலி மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலின் மகள் மஃபால்தாவின் பெயரை வைத்தார்கள், 1902இல் பிறந்த அவர் 1944இல் நாஜிகளின் புக்கன்வால்ட் வதைமுகாமில் இறந்துபோனார். ரெஜினெத்தே, அதாவது குட்டி ராணிகள், என்றும் இதைச் சொல்வார்கள்.

நம் சேமியா பாக்கெட்டில் இருக்கிற வெர்மிசெல்லியும் இத்தாலியப் பெயர்தான், சின்னப் புழுக்கள் என்று பொருள். ஆனால் இத்தாலியில் இந்தப் பெயரில் விற்பது ஸ்பாகெட்டியைவிடக் கொஞ்சம் தடிமனாகவே இருக்கும், பாயசத்துக்கு என்று அதை வாங்கிவிடாதீர்கள்.

சரி, பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தையும் விடக்கூடாது. ரிகாத்தே என்றால் மேலே வரி போட்டது, லிஷே என்றால் வழவழப்பானது. குழம்பு ஒட்ட வேண்டுமானால் ரிகாத்தேதான். பெயரில் ‘அல்ல்வோவோ’ என்று இருந்தால் முட்டை சேர்த்துப் பிசைந்த மாவு, தால்யாதெல்லே என்கிற பட்டை வகைகளில் இது அதிகம், சைவ வீட்டுக்காரர்கள் இதையும் பச்சைப் புள்ளியையும் சேர்த்தே பாருங்கள். ‘அல் புரோன்சோ’ என்றால் வெண்கல அச்சில் பிழிந்தது, பித்தளை முறுக்கு உரலில் பிழிவது மாதிரிதான், மேல்பரப்பு சொரசொரவென்று வரும். ஸ்பாகெட்டி பாக்கெட்டில் இருக்கிற 5, 12 போன்ற எண்கள் அந்தந்தக் கம்பெனி தானே வைத்துக்கொண்டவை, ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

உச்சரிப்புக்கு மூன்றே விஷயம் போதும்: ‘சிஎச்’ (ch) வந்தால் க, ஐ (i) அல்லது ஈ-க்கு (e) முன்னால் ‘சி’ (c) வந்தால் ச, ‘ஜிஎன்’ (gn) வந்தால் நம்ம ஞ. ஆகவே ஞோக்கி, லசாஞ்ஞா.

நம்ம ஊர் சொதியோடு பாஸ்தா செய்து பார்க்க நினைப்பவர்கள் ஸ்பாகெட்டியை எடுக்காதீர்கள், தேங்காய்ப்பால் அதில் நிற்காமல் வழிந்துவிடும். ஒரெக்கியெத்தே வாங்குங்கள். குட்டிக் காதுகள் என்று பெயர், இத்தாலியின் பூல்யா மாநிலத்தில் கட்டைவிரலால் அழுத்திக் குழியாக்குகிற வகை, அந்தக் குழியில் சொதி நின்றுகொள்ளும். பாஸ்தாவைத் தனியாக வேகவைத்து வடித்து, முதல் பால் ஊற்றி இறக்கிய சொதியில் கடைசியாகச் சேருங்கள், பக்கத்தில் இஞ்சிப் பச்சடி கட்டாயம் இருக்கட்டும்.