பேடில் போர்டுக்கு ஃபைபர் போடும்போது செய்யக்கூடாத தவறுகள்

11 அடி நீளத்தில் ஒரு பேடில் போர்டு, அதாவது மேலே நின்றபடி துடுப்புப் போட்டு ஓட்டும் பலகை. உள்ளே மரச் சட்டங்களைக் கோத்து, மேலும் கீழும் பிளைவுட் ஒட்டி, ஓரங்களை இழைத்து முடிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அதைக் கெடுப்பதற்கு ஒரே ஒரு முற்பகல் போதுமாக இருந்தது.

காலை எட்டு மணிக்குத் தகரக் கொட்டகையில் கண்ணாடி இழைத் துணியை (ஃபைபர்) விரித்து, இறுகினால் கெட்டியாகும் பிசினான எப்பாக்சி ரெசினைத் தேய்த்தேன். கண்ணாடி போல மின்னியது. வெயில் ஏறியது, பதினோரு மணிக்குப் பார்த்தால் பலகை முழுக்க அம்மை போட்டதுபோல் குமிழ்கள். மரத்தின் நுண்துளைகளில் எப்போதும் காற்று இருக்கிறது. சூடு ஏறினால் அது விரியும், விரிந்தால் வெளியேறும். மேலே பாதி இறுகிய ரெசின் இருந்தால் அதற்குள் சிக்கிக்கொள்ளும். போதாக்குறைக்கு, தூசி போகாமல் இருக்கட்டும் என்று, உள்ளே வெற்றிடமான பலகைக்குக் காற்று போய்வர விட்டிருந்த துளையையும் டேப் ஒட்டி அடைத்திருந்தேன். உள்ளே அடைபட்ட அத்தனை காற்றும் பிளைவுட்டின் ஊசிமுனைச் சந்துகள் வழியாகத்தான் வெளியே வர முடியும். வந்தது.

ஆகவே ரெசின் வேலையைப் பொழுது சாயும் பக்கமாக வையுங்கள். பிற்பகல் மூன்று நான்கு மணிக்குமேல் சூடு இறங்கத் தொடங்கும்போது மரம் காற்றை உள்ளிழுக்கும். ரெசினும் கூடவே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். காற்றுத் துளை திறந்தே இருக்கட்டும். உள்ளீடற்ற பலகைக்கு 1932-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக்கின் காலத்தில் ஃபைபரும் இல்லை, எப்பாக்சியும் இல்லை. வார்னிஷை நம்பித்தான் கடலில் இறங்கினார்கள். நமக்கு வசதி கூடிவிட்டது, அதோடு சிக்கலும்.

இரண்டாவது தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. நம் கடற்கரைகளில் ஃபைபர் படகு செய்பவர்கள் பாலியெஸ்டர் ரெசினும், நெய்யாமல் இழைகளைப் பசையால் பாய்போல் பிணைத்த ‘மேட்’டும் (mat) வாங்குகிறார்கள். நாம் போய்க் கேட்டாலும் கடைக்காரர் அதையே எடுத்து வைப்பார். அச்சில் வார்க்கும் படகுக்கு அது சரி. மரத்தின்மேல் பாலியெஸ்டர் உறுதியாகப் பற்றாது. சில பருவங்களில் தோல் உரிவதுபோல் உரியும். அந்த மேட்டை எப்பாக்சியோடு சேர்ப்பதும் வீண். அதன் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். நெய்த துணியும் எப்பாக்சியும் வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் துணி போதும். நிற்கும் இடத்தில் இரண்டு அடுக்கு.

பாலியெஸ்டரில் பழகிய கை எப்பாக்சிக்கு வரும்போது இன்னொரு பழக்கத்தையும் கொண்டுவருகிறது: சீக்கிரம் இறுகட்டும் என்று, ரெசினை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரைக் கூட்டுவது. எப்பாக்சியில் ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று கணக்காகப் பிணைய வேண்டியவை. கூடினாலும் குறைந்தாலும் மிச்சம் பிணையாமல் நின்று, பலகை பிசுபிசுப்பாகவே கிடக்கும். டப்பாவில் உள்ள விகிதம் எடைக்கா, கொள்ளளவுக்கா என்று பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. வேகம் மாற வேண்டுமானால் அதற்கென்று விற்கும் வேறு ஹார்டனரை வாங்க வேண்டும்.

கலந்த ரெசினை ஆழமான கப்பில் அப்படியே வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். இறுகும்போது எழும் சூடு வெளியேற வழியில்லாமல் கப் புகைய ஆரம்பிக்கும். தட்டையான தட்டில் ஊற்றுங்கள். டப்பாவில் 30 நிமிடம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் 25 டிகிரிக்கான கணக்கு. 35 டிகிரியில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும்.

காய்ந்த மரத்தின்மேல் நேரே துணியைப் போடுவதும் தவறு. மரம் ரெசினைக் குடித்துவிட, துணி வெளிறிப் பட்டினி கிடக்கும். முதலில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, அது ஒட்டும் பதத்துக்கு வந்தபின் துணியை விரியுங்கள். அதற்காகக் குளிப்பாட்டவும் வேண்டாம். இந்த அளவுப் பலகைக்கு இருபுறமும் சேர்த்துத் துணியே ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். அதை நனைக்க ஏறக்குறைய அதே எடை ரெசின் போதும். நெசவு கண்ணுக்குத் தெரியும்படி ரப்பர் துண்டால் வழித்து எடுங்கள். மேடுபள்ளம் நிரப்புவது அடுத்தடுத்த பூச்சுகளின் வேலை. ஓரங்கள் கூராக இருந்தால் துணி வளையாமல் தூக்கிக்கொண்டு நிற்கும், முன்பே உருட்டிவிடுங்கள்.

மறுநாள் காலை பலகையின்மேல் மெழுகு தடவியதுபோல் ஒரு வழவழப்பு இருக்கலாம். ஈரக்காற்றில், குறிப்பாக ஐப்பசி கார்த்திகையில், ஹார்டனர் செய்யும் வேலை அது. உப்புத்தாள் போட்டால் போய்விடும் என்று நினைப்போம். அது படலத்தைப் பள்ளங்களுக்குள் இன்னும் தேய்த்து இறக்கும். அடுத்த பூச்சு அங்கே பற்றாது. முதலில் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவித் துடையுங்கள். உலர்ந்தபின் உப்புத்தாள், அதுவும் துணியை அறுத்துவிடாமல்.

கையுறை பற்றிச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். எப்பாக்சிக்கு ஒருமுறை தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. கையில் பட்டதைத் தின்னரால் துடைப்பது அதைவிட மோசம். அது ரெசினைத் தோலுக்குள் கொண்டுபோகும். சோப்புதான் சரி. தேய்க்கும் தூசிக்கு முகமூடி.

எப்பாக்சிக்கு வெயில் ஆகாது. மஞ்சளித்து, பிறகு சுண்ணாம்புபோல் உதிரும். ஒரு வாரம் இறுகவிட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷை மேலே பூசுங்கள்.

என் இரண்டாவது பலகை குமிழ் ஒன்றுகூட இல்லாமல் வந்தது. கடலில் ஓட்டிவிட்டு, காற்றுத் துளையை மூடியிருந்த திருகைக் கழற்ற மறந்து, கார் கூரைமேல் கட்டி உச்சி வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது இடது ஓரத்தில் ஒரு முழம் நீளத்துக்கு ஒட்டு விட்டிருந்தது.