குறைந்த நேர வேலையும் உதவித்தொகையும்: கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாரத்துக்கு எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ ஒரு வேலை வருகிறது. மாற்றுத்திறனாளி என்ற முறையில் ஏற்கெனவே உதவித்தொகை வந்துகொண்டிருக்கிறது. உடனே வீட்டில் இரண்டு பேச்சு கிளம்பும். "இதுக்குப் போனா உள்ளதும் போயிடும்" என்பார் ஒருவர். "சும்மா இருக்கிறதுக்கு, வேலைக்குப் போனா ஏதோ கொஞ்சம் வருமே" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எடுத்துக்காட்டுகளைப் பிரிட்டன், அமெரிக்க விதிகளிலிருந்து எடுத்திருக்கிறேன். வேறு நாட்டில் இருப்பவர்கள் பெயரையும் தொகையையும் விட்டுவிட்டு, கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பணமாக நினைப்பது

முதல் தவறு இதுதான், மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன. மாதா மாதம் வங்கிக் கணக்கில் விழுவதால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் எதற்காகத் தருகிறார்கள் என்பதைப் பொறுத்து விதி மாறும். பிரிட்டனின் பி.ஐ.பி., உடல்நிலையால் ஏற்படும் கூடுதல் தேவைக்கானது. சம்பளம் எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை, வேலைக்குப் போனதால் மட்டும் நிற்காது. பிரிட்டனின் யூனிவர்சல் கிரெடிட்டும் அமெரிக்காவின் எஸ்.எஸ்.ஐ.யும் வருமானம் குறைவாக இருப்பவர்களுக்கானவை, சம்பளம் ஏற ஏற இவை குறையும். அமெரிக்காவின் எஸ்.எஸ்.டி.ஐ. மூன்றாவது வகை. முன்பு வேலை செய்து வரி கட்டியவர், இப்போது போதுமான அளவு உழைக்க முடியாத நிலையில் வாங்குவது.

பி.ஐ.பி. விஷயத்தில் ஒரு எச்சரிக்கை மட்டும். மறுபரிசீலனை வரும்போது, செய்கிற வேலையைப் பற்றிக் கேட்பார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது என்று படிவத்தில் இருக்கும். வேலையோ கடை கவுன்ட்டரில் இருக்கும். உட்கார்ந்தபடி செய்கிறேன், நடுவில் படுத்து எழுந்திருக்கிறேன், இன்னொருவர் பெட்டிகளைத் தூக்கித் தருகிறார் என்ற விவரங்களை நீங்களே எழுதி வைக்காவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

சரிவா, பள்ளமா என்று பார்க்காமல் விடுவது

சில தொகைகள் சரிவுபோல மெல்லக் குறையும். சில, ஒரு வரம்பைத் தாண்டியதும் மொத்தமாக நின்றுவிடும்.

எஸ்.எஸ்.ஐ. சரிவு. வேறு வருமானம் இல்லாதவர் மாதம் 285 டாலர் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் 85 டாலரைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மீதி 200-ல் பாதி, அதாவது 100 டாலர் உதவித்தொகையில் குறையும். ஆக, முன்பைவிட 185 டாலர் கூடுதல். யூனிவர்சல் கிரெடிட்டில் 2021 நவம்பரிலிருந்து, விலக்குத் தொகைக்கு (கணக்கில் சேர்க்காமல் விடும் சம்பளப் பகுதி) மேல் கைக்கு வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறைகிறது. விலக்குத் தொகை எல்லோருக்கும் கிடையாது. வேலைத்திறன் குறைவு என்று மதிப்பிடப்பட்டவர்களுக்கும் பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் உண்டு. சரிவில் இருக்கும்வரை, கூடுதலாக ஒரு மணி நேரம் உழைத்தால் கொஞ்சமாவது மிஞ்சும்.

பள்ளம் வேறு. பிரிட்டனில் பராமரிப்பாளருக்குத் தரும் உதவித்தொகையில், வாரச் சம்பளம் வரம்பை ஒரு பவுண்டு தாண்டினாலும் அந்த வாரத் தொகை முழுவதும் போய்விடும். எஸ்.எஸ்.டி.ஐ.யிலும், தொகை குறையாமல் வேலை செய்து பார்க்க விடும் சோதனைக் காலம் முடிந்த பிறகு இதே கதைதான். இப்படிப்பட்ட இடத்தில் வரம்புக்கு நன்றாகக் கீழே இருங்கள், இல்லையென்றால் இழப்பை ஈடுகட்டும் அளவுக்கு நன்றாக மேலே போய்விடுங்கள். வரம்பை ஒட்டியே ஓட்டுவதுதான் ஆபத்து என்பது என் கருத்து.

அதற்குக் காரணம் சம்பளத் தேதி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவருக்கு வருடத்தில் இரண்டு மாதங்கள் மூன்று சம்பளம் வரும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்தில் 13 சம்பளம், ஏதோ ஒரு மாதத்தில் இரண்டு விழும். ஒரு நிமிடம்கூட அதிகம் உழைத்திருக்க மாட்டார், காகிதத்தில் மட்டும் வரம்பு தாண்டியிருக்கும். சில திட்டங்கள் உழைத்த மாதத்தைப் பார்க்கும், சில பணம் கைக்கு வந்த மாதத்தைப் பார்க்கும். உங்களுடையது எது என்று கேட்டு, காலண்டரில் அந்த மாதங்களை வட்டமிட்டு வையுங்கள்.

கூடவே வருவதை மறப்பது

பணம் மட்டும் கணக்கல்ல. மருத்துவக் காப்பீடு, வாடகை உதவி, பயணச் சலுகை எல்லாம் அதனோடு ஒட்டியிருக்கலாம். பலரை வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது காப்பீடு போய்விடும் என்ற பயம்தான். எஸ்.எஸ்.டி.ஐ. பணம் நின்றாலும், உடல்நிலை மாறாதவரை, சோதனைக் காலத்துக்குப் பின் குறைந்தது 93 மாதங்கள் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு தொடரும். இது தெரியாமலேயே வேலையை மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

சேமிப்பு இன்னொரு பொறி. எஸ்.எஸ்.ஐ. வாங்கும் தனி நபர் வைத்திருக்கக்கூடிய சொத்து வரம்பு 1989 முதல் 2,000 டாலரிலேயே நிற்கிறது. உழைத்துச் சேர்த்த பணமே தகுதியைப் பறிக்கும். அநியாயம்தான், ஆனால் விதி அப்படி.

கடிகார நேரத்தை மட்டும் எண்ணுவது

நான்கு மணி நேர வேலை என்பார்கள். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம், சக்கர நாற்காலி ஏறக்கூடிய வண்டிக்குக் காத்திருப்பு, திரும்பி வந்ததும் படுக்கை, அடுத்த நாள் பாதி வரை வலி. குளியலைத் தள்ளிப்போட்டு, சமைக்க முடியாமல் வெளியில் வாங்கிய செலவும் இதில் சேரும். சம்பளத்தை நான்கால் வகுக்காமல், இந்த மொத்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் வேலைக்குப் போவதற்கென்றே ஆகும் சில உடல்நிலைச் செலவுகளை வருமானத்திலிருந்து கழிக்கலாம், ரசீது வேண்டும். பிரிட்டனில் 'ஆக்சஸ் டு ஒர்க்' என்ற அரசுத் திட்டம் மூலம் பயணத்துக்கும் கருவிகளுக்கும் உதவி கேட்கலாம்.

சொல்லாமல் விடுவது, திரும்பும் வழியைக் கேட்காமல் விடுவது

"அவங்களுக்கே தெரிஞ்சிடும்" என்று விடாதீர்கள். பிரிட்டனில் பராமரிப்பாளர்கள் பலர் வரம்பைச் சிறிதளவு தாண்டியதற்காக ஆயிரக்கணக்கான பவுண்டுகளைத் திருப்பிக் கட்ட நேர்ந்து, 2024-ல் அது பெரிய சர்ச்சையானது. சம்பளச் சீட்டை அனுப்புங்கள், அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள், தொலைபேசியில் சொன்னால் யாரிடம் என்பதையும்.

வேலை ஒத்துவராவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சேர்வதற்கு முன்பே கேளுங்கள். எஸ்.எஸ்.டி.ஐ.யில் 60 மாதத்துக்குள் 9 மாதங்கள் சோதனைக் காலம். அப்போது எவ்வளவு சம்பாதித்தாலும் தொகை முழுதாக வரும். அதன்பின் 36 மாதங்களுக்கு, சம்பளம் வரம்புக்குக் கீழே இறங்கிய மாதங்களில் மறுபடி பணம் கிடைக்கும். வேலையால் தொகை நின்றுபோனவர், அதே உடல்நிலையால் மீண்டும் உழைக்க முடியாமல் போனால், 5 ஆண்டுகளுக்குள் முதலிலிருந்து விண்ணப்பிக்காமல் திரும்பக் கேட்கலாம்.

அப்புறம், முதலாளியிடம் உங்கள் உச்ச நேரத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பண்டிகை நெருங்கும்போது "இந்த வாரம் மட்டும் ரெண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பாருங்களேன்" என்று அன்பாகத்தான் கேட்பார்கள், அப்போது மறுப்பது கஷ்டம்.