தெரிந்த பிறகும் பயமாக இருக்கிறதா? பேய்ப்பட டிரெய்லரைப் பிரித்துப் பார்க்கும் முறை

சிறு படங்களுக்கு டிரெய்லர் வெட்டுவது என் தொழில். திடுக்கிடல் வேறு, பயம் வேறு என்பது எனக்குப் பிடிபடவே இரண்டு வருஷம் ஆனது. முதல் தடவை தூக்கிவாரிப்போட்ட இடம், நாலாவது தடவை சும்மா கடந்துபோகும். ஆனால் என்ன வரப்போகிறது என்று தெரிந்தும் வயிற்றைப் பிசைகிற இடம் ஒன்றிரண்டு மிஞ்சும். டிரெய்லரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் இருட்டில், ஹெட்போன் போட்டு, ஒரே மூச்சில் பாருங்கள். எதுவும் எழுத வேண்டாம். முடிந்ததும் மனதில் நிற்கிற மூன்று காட்சிகளை மட்டும் குறித்துவையுங்கள்.

அடுத்து திரையைப் பார்க்காமல் கேளுங்கள். இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். அடியில் கனத்த ரீங்காரம் ஒன்று ஓடுகிறதா? எந்த நொடியில் நுழைந்தது? எங்கே நின்றது? எல்லோரும் சத்தம் வந்த இடத்தைக் குறிப்பார்கள். நீங்கள் சத்தம் அடங்கிய இடத்தைக் குறியுங்கள். திடீர்ப் பேரொலி கேட்டால் நாம் யோசிக்கும் முன்பே கண் இமைக்கும், தோள் குறுகும். ஏற்கெனவே பயந்திருப்பவருக்கு அந்தத் துள்ளல் இன்னும் பலமாக வரும். அதனால் அலறலுக்கு முன்னால் எத்தனை நொடி அமைதி என்று எண்ணிப் பாருங்கள். அலறல் வரும் நான்கு இடத்திலும் ஒரே அளவு அமைதி என்றால், மூன்றாவது அலறலுக்கு முன்பே பார்ப்பவர் காதைப் பொத்தத் தயாராகிவிடுவார். அது பலவீனம் என்று தயங்காமல் எழுதுங்கள்.

பிறகு மியூட் செய்து, ஷாட் ஷாட்டாக நிறுத்திப் பாருங்கள். தாளை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரித்தால் போதும்: நேரம், என்ன தெரிகிறது, என்ன மறைக்கப்படுகிறது. மூன்றாவது பத்தி நிறைந்தால் நல்ல டிரெய்லர் என்று நம்பலாம்.

பழகிப் பார்க்க, 1980இல் வந்த ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' டிரெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஷாட்தான். கேமரா நகரவில்லை, வசனம் இல்லை. மூடிய லிப்ட் கதவுகள். அவற்றின் மேல் எழுத்துகள் மெல்ல ஏறிப்போகின்றன, இசை நெருக்கிக்கொண்டே வருகிறது. நாம் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிறகு ரத்தம் வெள்ளமாகப் பாய்கிறது, அதுவும் மெதுவாக. நாற்காலிகளை அடித்துக்கொண்டு வந்து லென்ஸையே மூடுகிறது. யாருடைய ரத்தம், ஏன் என்று ஒரு சொல் இல்லை. மூன்றாவது பத்தியில் எழுத அத்தனை இருக்கிறது!

வெட்டும் மேசையில் எனக்கும் இப்படி ஒரு பாடம் கிடைத்தது. கதவு தானாகத் திறக்கும் ஒரு ஷாட்டை, திறந்ததுமே கட் செய்திருந்தேன். போட்டுக் காட்டியபோது யாரும் அசையவில்லை. அதே ஷாட்டை இன்னும் 36 பிரேம், அதாவது ஒன்றரை நொடி, நீட்டினேன். கதவுக்குப் பின்னால் வெறும் இருட்டு, வேறெதுவும் இல்லை. இந்த முறை பார்த்தவர்கள் முன்னால் சாய்ந்து அந்த இருட்டுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். அதனால் ஷாட்டின் நீளத்தை எழுதும்போது, சம்பவம் முடிந்த பிறகு அந்த ஷாட் எத்தனை நொடி நீடிக்கிறது என்பதைத் தனியாக எழுதுங்கள்.

கதை எவ்வளவு வெளியே வந்தது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. டிரெய்லரை மட்டும் வைத்துக் கதையை யாருக்காவது சொல்லிப் பாருங்கள். முடிவுவரை சொல்ல முடிந்தால் அளவுக்கு மீறிக் காட்டிவிட்டார்கள். 1979இன் 'ஏலியன்' டிரெய்லரில் வசனமே இல்லை. ஒரு முட்டை விரிசல் விடுகிறது, பிறகு ஓட்டமும் பதற்றமும். அதை வைத்துக் கதை சொல்ல முடியாது, ஆனால் அந்த முட்டையை மறக்கவும் முடியாது. தலைப்பு வந்து போன பிறகு ஒட்டவைக்கும் கடைசி அதிர்ச்சியையும் கவனியுங்கள். பெரும்பாலும் அது பழக்கத்துக்காகச் சேர்ப்பது, அதைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு நாள் விட்டு, ஒலியும் படமுமாக முழுதாகப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கட்டும் உங்களுக்கு மனப்பாடம். அப்படியும் உடம்பு இறுகுகிற நொடியைக் குறித்து, முதல் நாள் எழுதிய மூன்று காட்சிகளோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் இருக்கிற இடத்திலிருந்து உங்கள் அலசலை எழுதத் தொடங்குங்கள்.